கறுப்பு எண்ணெய்க்குள் ஒரு கணக்குப் புத்தகம்

பி.காம். சேர்ந்த முதல் வருடமே தேய்மானத்தைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கார் வாங்கினால் அதன் மதிப்பில் வருடா வருடம் கழித்துக்கொண்டே வர வேண்டும். வருமான வரிக் கணக்கில் சொந்த உபயோகக் காருக்கு வழக்கமாகப் போடும் விகிதம் 15 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் காரை இப்படிக் குறைத்துக்கொண்டே போனால் 15 வருட முடிவில் புத்தகத்தில் மிஞ்சுவது சுமார் 8,735 ரூபாய். 2013ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டம் இன்னும் கறார். வாடகைக்கு ஓடாத காரின் பயனுள்ள ஆயுள் 8 வருடம் என்று அதன் இரண்டாம் அட்டவணை சொல்கிறது.

இந்தக் கணக்கையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். கணக்குப் புத்தகத்தில் எப்போதோ கண்ணை மூடிவிட்ட அம்பாசடரும் பத்மினியும் வீட்டு வாசலில் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியைத் திருகினால் எழுந்தும் வரும். பக்கத்திலேயே நிற்கும் எட்டு வயது கார் ஒன்று மெக்கானிக்குக்கே சொத்து எழுதி வைத்துக்கொண்டிருக்கும்.

ஆக, வண்டியின் வயது வேறு, எஞ்சினின் நிலை வேறு. எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் அந்த நிலையைத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும். எண்ணெய் மாற்றும்போது கீழே வழிகிற கறுப்புக் குழம்பில் ஒரு சின்ன பாட்டில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். மனிதனுக்கு ரத்தப் பரிசோதனை போல எஞ்சினுக்கு இது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, ரயிலுக்கும் விமானத்துக்கும் செய்தது பழைய காருக்கு எப்படி வந்தது, அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. நான் மெக்கானிக்கல் மாணவன் இல்லை. ஆனாலும் படிக்கப் படிக்க இது பாதிக்குப் பாதி அக்கவுண்டன்சி என்று தோன்றியது. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

விரல்தான் முதல் ஆய்வகம்

ஆய்வகம் வருவதற்கு முன்னால் மெக்கானிக்கின் கையே ஆய்வகம். தி.நகர் சந்து ஒன்றில் பழைய வண்டி பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் இன்றைக்கும் அதைப் பார்க்கலாம். டிப்ஸ்டிக்கை உருவி, ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, மோந்து பார்த்து, "தம்பி, ஆயில் செத்துப்போச்சு, மாத்திடலாம்" என்பார் மெக்கானிக் அண்ணன்.

இதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. நறநறவென்றால் தூசி போயிருக்கிறது. பெட்ரோல் வாசனை அடித்தால் எரியாத பெட்ரோல் வழிந்து எண்ணெயில் கலந்திருக்கிறது. பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர். மூன்றுமே சரியான தீர்ப்புகள்தான்.

நிறத்தை வைத்துச் சொல்லும் தீர்ப்பில்தான் வம்பு. கறுத்துவிட்டால் எண்ணெய் கெட்டுவிட்டது என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். எஞ்சின் ஆயிலில் அழுக்கைப் பிடித்து மிதக்க வைப்பதற்கென்றே டிடர்ஜென்ட், டிஸ்பர்சென்ட் என்ற ரசாயனங்கள் சேர்க்கிறார்கள். புகைக்கரி எஞ்சினில் ஒட்டிக்கொள்ளாமல் எண்ணெயோடு வந்துவிட்டால் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். துணி துவைத்த தண்ணீர் அழுக்காக இருந்தால் சோப்பு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எஞ்சினுக்குள் உரசுகிற பாகங்களிலிருந்து தேய்ந்து வரும் உலோகத் துகள், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் வருகிற சில கூறுகள் அளவுதான். விரலுக்கு அது தட்டுப்படாது. மூக்குக்கும் தெரியாது. அதைப் பார்க்க வேறொரு கண் வேண்டியிருந்தது.

அந்தக் கண் மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்தது

அந்தக் கண்ணுக்குப் பெயர் ஸ்பெக்ட்ராஸ்கோப், தமிழில் நிறமாலை காட்டி. ஒரு பொருளைப் போதுமான அளவுக்குச் சூடாக்கினால் அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறங்களில் ஒளி விடும். அடுப்புத் தீயில் உப்பு விழுந்தால் சுடர் மஞ்சளாக எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது சோடியத்தின் கையெழுத்து. ஜெர்மனியில் 1859-60இல் பன்சனும் கிர்க்காஃபும் இதை ஒரு முறையான சோதனையாக மாற்றினார்கள்.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில், இன்றைக்கு வானிலை ஆய்வு மையம் இருக்கும் வளாகத்தில்தான், 1792இல் கட்டிய மெட்ராஸ் வானாய்வகம் இருந்தது. 1861 முதல் அதன் தலைவர் நார்மன் போக்சன். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். நிழல் மெட்ராஸ் மாகாணத்தின் வடபகுதி மேல் விழுந்தது. போக்சன் மசூலிப்பட்டினம் போனார். பிரான்சிலிருந்து வந்த ஜான்சன் குண்டூரில் இருந்தார். சூரியனைச் சுற்றி எழும் தீப்பிழம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. அது சோடியத்தின் இடத்தில் சரியாக உட்காரவில்லை என்பதைப் போக்சன் குறித்து வைத்தார். பின்னால் அதற்கு ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அந்த வாயுவை ராம்சே கண்டெடுத்தது 1895இல்தான்.

பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் என்ன எரிகிறது என்று ஒளியை வைத்துச் சொல்ல முடிந்தால், கண்ணெதிரே இருக்கும் எண்ணெயில் என்ன கரைந்திருக்கிறது என்று சொல்ல முடியாதா? முடியும். ஆனால் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க யாருக்காவது பண நெருக்கடி வந்தாக வேண்டுமே! அதற்கு இன்னும் எழுபத்தெட்டு வருடம் ஆனது.

டென்வர், 1946

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். அமெரிக்க ரயில் கம்பெனிகள் நீராவி எஞ்சினிலிருந்து டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தன. டீசல் எஞ்சின் விலை அதிகம். ஒரு பேரிங் போனால் கிராங்க்‌ஷாஃப்டும் சேர்ந்து போகும். மலைப்பாதையில் நின்றுவிட்டால் பின்னால் வருகிற எல்லா வண்டியும் நிற்கும்.

இரண்டு வழிகள் இருந்தன. இத்தனை மைலுக்கு ஒருமுறை கட்டாயம் பிரித்துப் பார் என்று விதி வைக்கலாம். அப்படிச் செய்தால் நன்றாக ஓடுகிற எஞ்சினையும் வீணாகப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் உடையும் வரை ஓட்டலாம். அது அதைவிடச் செலவு.

டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்வேயின் ஆய்வகம் 1946இல் மூன்றாவது வழியைக் காட்டியது. பயன்படுத்திய எண்ணெயை ஸ்பெக்ட்ரோகிராஃபில் வைத்து இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அளந்தார்கள். ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனியாக அமிலம் ஊற்றி, வடிகட்டி, நிறுத்துப் பார்க்கிற பழைய வேலையை ஒரே கருவி முடித்தது. ஓர் உலோகத்தின் அளவு திடீரென்று ஏறினால், அந்த உலோகத்தால் ஆன பாகம் தேய்கிறது. எஞ்சினைத் திறக்காமலேயே எந்த இடம் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

மற்ற ரயில் கம்பெனிகளும் பிடித்துக்கொண்டன. 1955 வாக்கில் அமெரிக்கக் கடற்படை தன் விமான எஞ்சின்களுக்கு இது ஒத்துவருமா என்று ஆராயத் தொடங்கியது. ரயில் எஞ்சின் உடைந்தால் ரயில் நிற்கும். விமான எஞ்சின் உடைந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு தரைப்படை, விமானப்படை என்று மூன்று படைகளும் சேர்ந்து ஒரே எண்ணெய்ப் பரிசோதனைத் திட்டம் நடத்தும் அளவுக்கு அது வளர்ந்தது.

தொண்டையார்பேட்டைக்கு வந்த கதை

இந்தியாவுக்கு இது வந்ததும் ரயில் ஏறித்தான். 1950களின் கடைசியில் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி எஞ்சின்கள் இங்கே இறங்கின. 1961இல் வாரணாசியில் டீசல் எஞ்சின் தொழிற்சாலை தொடங்கி, 1964 ஜனவரியில் முதல் எஞ்சின் வெளியே வந்தது. எஞ்சினோடு அதைப் பராமரிக்கும் முறையும் வந்து சேர்ந்தது. தெற்கு ரயில்வேயில் தொண்டையார்பேட்டை, ஈரோடு, பொன்மலை என்று டீசல் ஷெட்கள் எழுந்தன. 16 சிலிண்டர் ஆல்கோ எஞ்சினின் வயிற்றில் நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் இருக்கும். தேதி வந்துவிட்டது என்று அதைக் கொட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் டீசல் ஷெட் என்றால் கூடவே ஓர் ஆய்வகமும், எண்ணெய் மாதிரி எடுக்கும் வழக்கமும் இருந்தன.

நாடு அப்போது இருந்த நிலைமையும் ஒரு காரணம். மசகு எண்ணெய்க்கு அடிப்படையே கச்சா எண்ணெய், கச்சா எண்ணெய் என்றால் அந்நியச் செலாவணி. 1965இல் மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் உருவாகி 1969இல் ஓடத் தொடங்கியது. இன்றைக்கு சென்னை பெட்ரோலியம் என்று நாம் அழைப்பது அதைத்தான். மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயையும் அது தயாரித்தது. 1972இல் இந்தியன் ஆயில் ஃபரீதாபாதில் தன் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. மறுவருடமே அரபு நாடுகள் விலையைத் தூக்கிவிட, எண்ணெயைச் சிக்கனப்படுத்துவது தேசியப் பிரச்சினை ஆயிற்று. 1978இல் பெட்ரோலியச் சிக்கனத்துக்கென்றே தனி ஆராய்ச்சி அமைப்பு வந்தது.

இத்தனை நடந்தும் தனியார் கார் பக்கம் இது எட்டிப் பார்க்கவில்லை. காரணம் எளிய கணக்கு. ரயில் எஞ்சினில் சோதனைச் செலவு எண்ணெய் விலைக்கு முன்னால் தூசு. காரில் இருப்பதோ நாலு லிட்டர். சோதனைக்குக் கொடுக்கும் காசுக்குப் புது எண்ணெயே ஊற்றிவிடலாம். வெளிநாட்டிலும் இதே கதைதான். 1971 முதல் கேட்டர்பில்லர் தன் மண் தோண்டும் இயந்திரங்களுக்கு இந்தச் சேவையைக் கொடுத்தது. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில் பிளாக்ஸ்டோன் என்ற ஆய்வகம் தொடங்கிய 1985க்குப் பிறகுதான் சாதாரணக் கார்க்காரர்கள் தபாலில் பாட்டில் அனுப்புவது அங்கே ஒரு பழக்கமாகவே ஆனது.

பழைய காரில் மட்டும் கணக்கு தலைகீழாகும். அங்கே காப்பாற்ற வேண்டியது நாலு லிட்டர் எண்ணெயை அல்ல, எஞ்சினை. மெட்ராஸிலேயே பிறந்த கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி வண்டலூர்ப் பக்கத்துத் தொழிற்சாலையில் 1961இலிருந்து செய்தது. கம்பெனி 1988இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பத்மினி 2000த்தில் நின்றது, அம்பாசடர் 2014இல். ஒரு கிராங்க்‌ஷாஃப்ட் போனால் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதுதான். கிடைத்தால் அதிர்ஷ்டம். அப்படிப்பட்ட வண்டிக்கு முன்னெச்சரிக்கை என்பது பணத்தால் மட்டும் அளக்கக்கூடியது இல்லை.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ரிப்போர்ட்டில் உலோகங்களின் அளவு பி.பி.எம். கணக்கில் இருக்கும். பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அர்த்தம். ஓர் உதாரணம் போடுவோம். நாலு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் மூன்றரை கிலோ. இரும்பு 40 பி.பி.எம். என்று வந்தால் மொத்த எண்ணெயிலும் இருக்கும் இரும்பு 140 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்புக்குள் அடங்கிவிடும். சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சின் இழந்தது அவ்வளவுதான். அதையும் அளந்துவிடுகிறார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது?

இரும்பு: சிலிண்டர் சுவர், கிராங்க்‌ஷாஃப்ட், கேம்‌ஷாஃப்ட்.
அலுமினியம்: பிஸ்டன்.
குரோமியம்: பிஸ்டன் ரிங்.
செம்பு, ஈயம், தகரம்: பேரிங், புஷ்.
சிலிக்கான்: தூசி. ஏர் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்பதற்கு முதல் சாட்சி.
சோடியம், பொட்டாசியம்: கூலண்ட் கசிவு.
துத்தநாகம், பாஸ்பரஸ், கால்சியம்: எண்ணெயிலேயே சேர்த்திருக்கும் மருந்துகள்.

உலோகம் தவிர வேறு சோதனைகளும் உண்டு. 20டபிள்யூ-50 எண்ணெய் என்றால் 100 டிகிரி செல்சியஸில் அதன் பிசுபிசுப்பு குறைந்தது 16.3 சென்டிஸ்டோக் இருக்க வேண்டும். 13 என்று வந்தால் பெட்ரோல் கலந்து நீர்த்திருக்க வாய்ப்பு அதிகம். கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்து இழுத்து ஸ்டார்ட் செய்பவர்களுக்கு இது சகஜம். தண்ணீருக்கு ஒரு சுலபமான சோதனை. சூடான தட்டில் ஒரு சொட்டு விட்டால், தண்ணீர் இருந்தால் தாளிக்கும்போது கடுகு வெடிப்பது போலப் படபடக்கும். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை வீடுகளில் புகுந்தபோது எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. அப்படி முங்கி எழுந்த பழைய காரை வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்தக் கடுகுக் கேள்விதான்.

ஒரே உலோகம், வேறு வேறு அர்த்தம்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ரிப்போர்ட்டைப் படிக்க முடியாது. வண்டியின் வரலாறும் ஊரின் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டீசல் ரயில் எஞ்சினின் எண்ணெயில் ஈயம் ஏறினால் பேரிங் தேய்கிறது. 1980களில் ஓடிய ஒரு பெட்ரோல் அம்பாசடரில்? எண்ணெயில் ஆயிரக்கணக்கான பி.பி.எம். ஈயம் இருந்தாலும் பேரிங் பத்திரமாக இருக்கலாம். ஏனென்றால் பெட்ரோலிலேயே ஈயம் கலந்திருந்தார்கள். எரிந்த ஈயம் பிஸ்டன் ஓரமாகக் கீழே நழுவி எண்ணெயில் சேர்ந்தது. அந்தப் பெருவெள்ளத்தில் பேரிங் கொடுக்கும் சின்னத் துளியைத் தேட முடியாது. செம்பையும் தகரத்தையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் 1995இல் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. அதற்குப் பிறகு, அதே காரில் அதே ஈயம், பேரிங்கின் பாஷையைப் பேசத் தொடங்கியது. காரில் எதுவும் மாறவில்லை. பங்கில் ஊற்றிய பெட்ரோல் மாறியது, ரிப்போர்ட்டின் அர்த்தம் மாறிவிட்டது!

துத்தநாகத்துக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பழைய எஞ்சின்களில் கேமும் டாப்பெட்டும் நேருக்கு நேர் உரசும். அந்த உரசலைத் தாங்க துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு ரசாயனத்தை எண்ணெயில் கலப்பார்கள். புதிய கார்களின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பாஸ்பரஸ் ஆகாது. அதனால் 2004இல் வந்த தர விதி 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கியது. 20டபிள்யூ-50 போன்ற கெட்டி எண்ணெய்களை அந்த வரம்பு தொடவில்லை. ஆகவே பழைய அம்பாசடரில் துத்தநாகமும் பாஸ்பரஸும் குறைவு என்று ரிப்போர்ட் வந்தால், எஞ்சினைத் திட்டுவதற்கு முன்னால் டப்பாவில் என்ன எழுதியிருந்தது என்று பார்க்க வேண்டும்.

சோடியமும் அப்படியே. ரயில் எஞ்சினிலும் புதிய காரிலும் ரேடியேட்டரில் மருந்து கலந்த நீர் இருக்கும். அது கசிந்தால் சோடியம் காட்டிக் கொடுத்துவிடும். நம்மூரில் பழைய காரின் ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். அங்கே அந்தத் துப்பறியும் நாய் குரைக்காது. கசிவே இல்லை என்று ஏமாந்துவிடக் கூடாது.

ஒரு ரிப்போர்ட் போதாது

இங்கேதான் காமர்ஸ் உள்ளே வருகிறது. ஒரு கம்பெனியின் ஒரே ஒரு நாள் பேங்க் பேலன்ஸைக் காட்டி, இது நன்றாக நடக்கிறதா என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? மூணு வருடக் கணக்கைக் கொண்டு வா என்பீர்கள். எண்ணெயும் அப்படித்தான். இரும்பு 40 என்பது நல்லதா கெட்டதா? 1,000 கிலோமீட்டரில் 40 என்றால் கவலைப்பட வேண்டும். 5,000 கிலோமீட்டரில் 40 என்றால் பல பழைய எஞ்சின்களுக்கு அது பெரிய விஷயமில்லை. போன தடவை 38, அதற்கு முன் 41 என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். 15, 22, 40 என்று ஏறி வந்தால் மெக்கானிக்கைப் பார்க்கலாம்.

ஆடிட்டர் கண்ணோடு பார்க்க வேண்டிய தில்லுமுல்லு ஒன்றும் உண்டு. எண்ணெய் ஒழுகும் எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். நாலு லிட்டரில் ஒரு லிட்டர் ஒழுகிவிட்டது. நீங்கள் ஒரு லிட்டர் புதிதாக ஊற்றுகிறீர்கள். ஒழுகிய லிட்டரோடு கால்வாசி இரும்பும் போய்விட்டது. 40 இருந்தது 30 ஆகிவிடும். ஒழுகாத நல்ல எஞ்சினின் ரிப்போர்ட்டில் 40, ஒழுகும் எஞ்சினின் ரிப்போர்ட்டில் 30! மோசமான எஞ்சினுக்கு நல்ல மார்க். நடுவில் எவ்வளவு ஊற்றினோம் என்று எழுதி வைக்காவிட்டால் இந்தக் கணக்கு பொய் சொல்லும். வரவு மட்டும் எழுதி, செலவு எழுதாத நோட்டு மாதிரி.

மாதிரி எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். வண்டி ஓடி எஞ்சின் சூடாக இருக்கும்போது எடுக்க வேண்டும். முதலில் வழிவது அடியில் தங்கிய கசடு, அதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான காய்ந்த பாட்டிலில் பிடிக்க வேண்டும். பழைய ஊறுகாய் பாட்டிலில் பிடித்தால் ரிப்போர்ட்டில் வருகிற சோடியம் எஞ்சினுடையது அல்ல :-)

இன்னொரு எல்லையும் உண்டு. வழக்கமான நிறமாலைக் கருவிகளுக்குச் சில மைக்ரான் அளவுக்கு மேற்பட்ட துகள் சரியாகத் தெரிவதில்லை. அது முழுக்க ஆவியாகாது. மெதுவான தேய்மானத்தைப் பிடிக்கும் கருவி, பேரிங்கிலிருந்து செதிலாகப் பெயர்ந்து வரும் பெரிய துண்டைத் தவறவிடலாம். அதற்காகத்தான் 1970களில் அமெரிக்காவில் துகள்களைக் காந்தத்தால் பிடித்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஃபெர்ரோகிராஃபி என்ற முறை வந்தது. திடீரென்று ஒடியும் கனெக்டிங் ராடை எந்த ரிப்போர்ட்டும் முன்கூட்டிச் சொல்லாது.

கொட்டிய பிறகு

எஞ்சினை விட்டு வெளியே வந்த எண்ணெய்க்கும் இதே எண்கள்தான் தீர்ப்பு எழுதுகின்றன. இந்தியச் சட்டப்படி பயன்படுத்திய எண்ணெய் அபாயகரமான கழிவு. அதை மறுசுத்திகரிப்புக்கு எடுக்க வேண்டுமானால் ஈயம் 100 பி.பி.எம்.முக்குள், ஆர்சனிக் 5க்குள் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஈயப் பெட்ரோல் காலத்துக் கார் எண்ணெய் இந்த வாசலையே தாண்டியிருக்காது. பெட்ரோலில் ஈயத்தை நிறுத்தியதன் பலன் காற்றோடு முடிந்துவிடவில்லை, கழிவு எண்ணெயும் திரும்ப உயிர் பெற வழி கிடைத்தது. 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் விற்கும் கம்பெனிகளே பயன்படுத்திய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒர்க்‌ஷாப் வாசல் சாக்கடையில் ஊற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

வயதா, நிலையா?

டென்வரில் 1946இல் எழுந்த கேள்வி இன்னும் தீரவில்லை. ஒரு இயந்திரத்தை அதன் வயதைப் பார்த்து ஒதுக்குவதா, நிலையைப் பார்த்து முடிவு செய்வதா? நம் நாட்டில் கார்களுக்கு 15 என்ற எண் பெரிய கோடாகிவிட்டது. 15 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது.

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எண்ணெய்ப் பரிசோதனை எஞ்சினின் உள் ஆரோக்கியத்தைச் சொல்லும். புகை எவ்வளவு விடுகிறது, பிரேக் பிடிக்குமா, மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதைச் சொல்லாது. ரிங்கும் பேரிங்கும் தங்கம் போல இருக்கும் 1970ஆம் வருடத்துக் காரில் ஏர்பேக்கும் கிடையாது, கன்வெர்ட்டரும் கிடையாது. ஊருக்கு முக்கியம் அதுதான் என்றால் வயது ஒரு சுலபமான அளவுகோல். லட்சக்கணக்கான வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பதைவிட ஒரு தேதியைப் போடுவது எளிது.

ஆனால் சுலபமான அளவுகோலைச் சரியான அளவுகோல் என்று நாமே நம்பிவிடக் கூடாது. வண்டிச் சொந்தக்காரருக்கு அந்தச் சோம்பல் தேவையில்லை. மாதிரி எடுத்து, கிலோமீட்டர் எழுதி, ஊற்றிய லிட்டர் எழுதி, மூன்று தடவை அனுப்பினால், விற்பதா வைத்துக்கொள்வதா, எஞ்சின் வேலை இந்த வருடமா அடுத்த வருடமா என்பதற்கு அவர் கையில் ஓர் ஆதாரம் இருக்கும். வாங்க வருகிறவரும் "பெரியவர் ஓட்டின வண்டி சார், கோயிலுக்கு மட்டும்தான் போவாரு" என்ற வசனத்தைவிட அந்த மூன்று தாள்களை நம்பலாம்.

இதை நம் பாடமே ஒத்துக்கொள்கிறது என்பதுதான் வேடிக்கை. தேய்மானத்தை மனப்பாடம் செய்யும் நாம் கணக்கியல் தரம் 10இல் உள்ள ஒரு வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். ஒரு சொத்தின் பயனுள்ள ஆயுளைக் குறைந்தது ஒவ்வொரு நிதியாண்டு முடிவிலும் மறுபடி பரிசீலிக்க வேண்டும், முன்பு போட்ட மதிப்பீடு பொருந்தாவிட்டால் மாற்ற வேண்டும் என்கிறது அது. அப்படிப் பரிசீலிக்க ஒரு காருக்குத் தேவைப்படுவது நூறு மில்லி கறுப்பு எண்ணெயும் ஒரு சுத்தமான பாட்டிலும்தான்.